நம் உடம்பைப் பற்றி யாரும் சொல்லித் தராதவை: மாதவிடாய், கருத்தரிப்பு குறித்து இளம்பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெண் வயதுக்கு வந்தால் பந்தல் போட்டு, தாய்மாமன் சீர் வாங்கி, ஊருக்கே சொல்கிறோம். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுக்கிறோம். அவள் உடம்புக்குள் என்ன நடந்தது என்பதை மட்டும் யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதில்லை. பத்தாம் வகுப்பு அறிவியலில் இனப்பெருக்கப் பாடம் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் இன்னும் விரிவாகவே இருக்கிறது. ஆனால் பல வகுப்பறைகளில் அது "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டப்படும் பாடம். அதனால் பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆன பிறகு தயங்கித் தயங்கிக் கேட்கப்படும் கேள்விகள் இவை. இவற்றில் ஒன்றுகூட அசட்டுக் கேள்வி இல்லை.

படிக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்களுக்குக் கடைசியாக மாதவிடாய் தொடங்கிய தேதியை நினைவுபடுத்திக் காலண்டரிலோ போனிலோ குறித்து வையுங்கள். கீழே உள்ள பல பதில்களுக்கு அந்தத் தேதி வேண்டும்.

சிறுநீர் போகும் துளையும் மாதவிடாய் வரும் துளையும் ஒன்றுதானே?

இல்லை. பெண்ணுக்குக் கீழே மூன்று துளைகள். முன்னால், மேலே இருப்பது சிறுநீர்த் துளை. மிகச் சிறியது, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அதற்குக் கீழே யோனித் துளை. மாதவிடாய், உடலுறவு, பிரசவம் மூன்றும் இதன் வழிதான். பின்னால் மலத்துளை. சிறுநீர்த் துளைக்கும் மேலே, உள் உதடுகள் சேரும் இடத்தில் சிறு மொட்டுப் போல இருப்பது கிளிட்டோரிஸ். உடலின்பத்துக்கான நரம்புகள் நெருக்கமாக இருக்கும் இடம் அது. நோயோ கட்டியோ இல்லை.

பார்த்ததே இல்லை என்றால், கதவைத் தாழிட்டு, கையைக் கழுவி, சிறு கண்ணாடியைத் தரையில் வைத்துக் குந்தி உட்கார்ந்து பாருங்கள். உள் உதடுகள் ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக இருக்கலாம். சுற்றியுள்ள தோலைவிடக் கருத்திருக்கலாம். இரண்டும் இயல்பு. அதை வெளுக்கச் செய்யும் கிரீம்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். எரிச்சலும் புண்ணும்தான் மிஞ்சும்.

இந்த அமைப்பு தெரிந்தால் பல விஷயங்கள் தானாகப் புரியும். மாதவிடாய் ரத்தத்தை உறிஞ்ச யோனிக்குள் வைக்கும் டாம்பூனோ, அதைப் பிடித்துக்கொள்ளும் கப்போ வைத்திருக்கும்போதும் சிறுநீர் போகலாம், ஏனென்றால் வழி வேறு. கழுவும்போது முன்னிருந்து பின்னாகத்தான் கழுவ வேண்டும். பின்னிருந்து முன்னால் கொண்டுவந்தால் குடலில் இருக்கும் கிருமி சிறுநீர்த் துளைக்கு வந்துவிடும். பெண்ணின் சிறுநீர்க் குழாய் 4 சென்டிமீட்டர்தான் என்பதால் கிருமி சீக்கிரம் சிறுநீர்ப் பைக்குள் ஏறிவிடுகிறது. கல்யாணமான முதல் வாரங்களில் பலருக்கு நீர்க்கடுப்பு வருவதும் இதனால்தான். உறவு முடிந்ததும் சிறுநீர் கழித்துவிடுவது நல்லது. காய்ச்சலோ முதுகுவலியோ சேர்ந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

மாதவிடாயில் வருவது கெட்ட ரத்தமா?

உடம்பில் கெட்ட ரத்தம் என்று தனியாக எதுவும் இல்லை. கரு வந்தால் தங்குவதற்காகக் கருப்பையின் உட்சுவர் மாதந்தோறும் தடித்து வளர்கிறது. கரு தங்காவிட்டால் அந்தச் சுவர் உரிந்து ரத்தத்தோடு வெளியேறுகிறது. ஒரு மாதவிடாய் முழுவதும் போகும் ரத்தம் சராசரியாக 30 முதல் 40 மில்லி. அது தொடும் ஊறுகாயும் கெடாது, செடியும் வாடாது. தலைக்குக் குளிக்கலாம், விளையாடலாம், பரீட்சை எழுதலாம்.

பேட் வைத்தால் அதை 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ரத்தம் குறைவாக இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். துணி பயன்படுத்தினால் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காய வையுங்கள். மூலையில் மறைத்துக் காய வைக்கும் ஈரத்துணிதான் அரிப்புக்கும் தொற்றுக்கும் காரணமாகிறது. கப் என்றால் 12 மணி நேரத்துக்குமேல் உள்ளே வைக்கக் கூடாது. ஒவ்வொரு மாதவிடாய் முடிந்ததும் கொதிநீரில் 5 நிமிடம் போட்டு எடுத்து வையுங்கள்.

எனக்கு ஒவ்வொரு மாதமும் தேதி முன்பின்னாக வருகிறது. இது ஒழுங்கற்ற மாதவிடாயா?

பெரும்பாலும் எண்ணும் முறையில்தான் தவறு இருக்கும். ரத்தம் தொடங்கும் நாள் 1-ஆம் நாள். அங்கிருந்து அடுத்த முறை தொடங்குவதற்கு முந்தைய நாள்வரை எண்ணினால் வருவது ஒரு சுழற்சி. ரத்தம் நின்ற நாளிலிருந்து எண்ணுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு 28 நாள் சுழற்சி 23 நாளாகத் தெரியும், பயந்துவிடுவார்கள். ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் வர வேண்டும் என்பதும் தவறு. 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு, மாதத்தில் 30, 31 நாட்கள் இருப்பதால், தேதி இரண்டு மூன்று நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும். அதுதான் ஒழுங்கு.

21 முதல் 35 நாட்களுக்குள் வந்து, 2 முதல் 7 நாட்கள் இருந்தால் கவலை வேண்டாம். வயதுக்கு வந்த முதல் சில ஆண்டுகளில் 45 நாள்வரை தள்ளிப்போகலாம். மூன்று மாதங்களுக்குமேல் வரவே இல்லை என்றால் பார்க்க வேண்டும். 15 வயதாகியும் பூப்பெய்தாத பெண்ணையும் கட்டாயம் காட்ட வேண்டும். அதில் ஒரு வகையைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும்: ரத்தமே வராமல் மாதாமாதம் அடிவயிற்று வலி மட்டும் வந்தால், யோனித் துளையைச் சவ்வு முழுவதுமாக அடைத்திருக்கக்கூடும். ரத்தம் உள்ளேயே தேங்கும். சிறு அறுவையில் சரியாகிவிடும் விஷயம் இது. "சாமி குத்தம்" என்று காத்திருந்தால் கருப்பைக்கும் கருக்குழாய்க்கும் கேடு.

எந்த நாட்களில் கரு தங்கும்? பீரியட்ஸ் முடிந்த கையோடு பயமில்லை என்கிறார்களே?

அதை நம்பித்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கணக்கை நிதானமாகப் பார்ப்போம்.

அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாட்களுக்கு முன், சினைப்பையிலிருந்து ஒரு கருமுட்டை வெளியே வருகிறது. அதன் ஆயுள் 12 முதல் 24 மணி நேரம். ஆணின் விந்தணுவோ பெண்ணின் உடம்புக்குள் 5 நாள்வரை உயிரோடு காத்திருக்கும். ஆகவே முட்டை வரும் நாளும் அதற்கு முந்தைய 5 நாட்களும் கரு தங்கக்கூடிய நாட்கள்.

28 நாள் சுழற்சியில் முட்டை 14-ஆம் நாளை ஒட்டி வரும். 35 நாள் சுழற்சியில் 21-ஆம் நாள். 24 நாள் சுழற்சியில் 10-ஆம் நாளே வந்துவிடும். இந்தக் கடைசிப் பெண்ணுக்கு 6 நாள் ரத்தம் போகிறது என்று வையுங்கள். 6-ஆம் நாள், ரத்தம் நிற்கும் வேளையில் உறவு கொண்டால், விந்தணு 10-ஆம் நாள்வரை இருந்து முட்டையைச் சந்தித்துவிடும். "முடிந்த கையோடு பயமில்லை" என்பது உடைவது இங்கேதான்.

உங்களுக்கான கணக்கு வேண்டும் என்றால் குறைந்தது ஆறு சுழற்சிகளைக் குறித்து வையுங்கள். மிகக் குறுகியதிலிருந்து 18-ஐயும், மிக நீண்டதிலிருந்து 11-ஐயும் கழியுங்கள். உங்கள் சுழற்சிகள் 26 முதல் 31 நாள்வரை என்றால், 8-ஆம் நாள் முதல் 20-ஆம் நாள்வரை கரு தங்கலாம். முட்டை வரும் நாட்களில் வெள்ளைப்படுவது, வேகாத கோழிமுட்டையின் வெண்கரு போல வழுவழுப்பாக, விரலிடையே இழுத்தால் நீளும்படி மாறுவதையும் கவனிக்கலாம்.

குழந்தைக்கு முயல்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு மிகவும் உதவும். அந்த நாட்களில் ஒன்றுவிட்டு ஒருநாள் சேர்ந்தால் போதும். கருத்தடையாக இதை மட்டும் நம்புவது ஆபத்து: காய்ச்சல், தூக்கமின்மை, பரீட்சைப் பதற்றம் எதுவும் முட்டை வருவதைத் தள்ளிப்போடும். சுழற்சி முன்பின்னாக உள்ளவர்களுக்கு இது பயன்படவே செய்யாது. போன் செயலி காட்டும் "பாதுகாப்பான நாள்" என்பதும் இதே கழித்தல் கணக்கைச் சார்ந்த ஊகம்தான்.

முதல் தடவையில் கரு தங்காது, வெளியே எடுத்துவிட்டால் தங்காது, உடனே கழுவினால் தங்காது. இவற்றில் எது உண்மை?

எதுவும் இல்லை. வெளியே எடுக்கும் முறையில் விந்து வருவதற்கு முன் கசியும் நீரிலேயே விந்தணு இருக்கலாம். கழுவுவதற்குள் விந்தணு கருப்பை வாயைத் தாண்டிப் போயிருக்கும். முத்தத்தாலோ, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலோ, ஒரே குளத்தில் குளிப்பதாலோ கரு தங்காது. இதையும் கேட்கிறார்கள் என்பதால் சொல்கிறோம்.

முதலிரவில் ரத்தம் வரவில்லை என்றால் கன்னி இல்லை என்று அர்த்தமா?

இல்லை, இல்லை, இல்லை. கன்னித்திரை என்பது துளையை மூடிய காகிதம் போன்றது என்று பலர் நினைக்கிறார்கள். மூடியிருந்தால் மாதவிடாய் எப்படி வரும்? அது யோனித் துளையின் விளிம்பைச் சுற்றியிருக்கும் நெகிழ்வான தோல் மடிப்பு. ஒருவருக்குப் பிறை போல, ஒருவருக்கு வளையம் போல, சிலருக்கு இருப்பதே தெரியாத அளவுக்கு மெல்லியதாக இருக்கும். உறவின்போது கிழியாமல் விரிந்தே கொடுக்கலாம். முதல் உறவில் ரத்தமே வராத பெண்கள் ஏராளம். அதைப் பார்த்து ஒரு பெண் உறவு கொண்டிருக்கிறாளா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது.

பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்களிடம் யோனிக்குள் விரல் விட்டுச் செய்யப்பட்ட இருவிரல் பரிசோதனை அவர்களின் அந்தரங்க உரிமையை மீறுகிறது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதைத் தடை செய்யும்படி தமிழ்நாடு அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில், அந்தப் பரிசோதனையைச் செய்பவர் நடத்தைக் குற்றம் புரிந்தவராகக் கருதப்படுவார் என்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தெளிவாக்கியது. நீதிமன்றமே மதிக்காத ஒன்றை வைத்து வெள்ளைத் துணி விரித்துப் பார்க்கும் மாமியாருக்கோ மாப்பிள்ளைக்கோ நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை.

கல்யாணமாகி மாதங்கள் ஆகியும் உறவு கொள்ளவே முடியவில்லை; பயங்கர வலி, உள்ளே சுவர் மாதிரி இருக்கிறது.

அப்படி உணரும் பெண்கள் நிறைய. பயத்தில் யோனியைச் சுற்றியுள்ள தசைகள் தாமாகவே இறுகிக்கொள்கின்றன. நீங்கள் வேண்டுமென்றே செய்வதில்லை. மனசைத் தேற்றிக்கொண்டு பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது நிலைமையை மோசமாக்கும். ஒவ்வொரு வலியும் அடுத்த முறை தசையை இன்னும் இறுக்கும். கட்டாயப்படுத்தாமல் நிறுத்தச் சொல்லுங்கள். பெண் மருத்துவரைப் பாருங்கள். யோனித் தசையைப் பழக்கப் படிப்படியாக அளவு கூட்டி உள்ளே வைக்கும் டைலேட்டர் குழல்கள், இடுப்புத் தசைக்கான பிசியோதெரபி, மனநல ஆலோசனை ஆகியவற்றால் இது நன்றாகவே குணமாகும்.

சாதாரண வறட்சியால் வரும் வலிக்கு அவசரப்படாமல் இருப்பதும், மருந்துக் கடையில் கிடைக்கும் தண்ணீர் சார்ந்த லூப்ரிகன்ட் ஜெல்லும் போதும். ஆணுறையோடு தேங்காய் எண்ணெய் பயன்படுத்தாதீர்கள். எண்ணெய் பட்டால் ரப்பர் இளகிக் கிழிந்துவிடும்.

வெள்ளைப்படுவதால் எலும்பு உருகிப்போகிறதா?

உருகாது. யோனி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் நீர் அது. அங்கே வாழும் நல்ல பாக்டீரியாக்கள் அமிலத்தன்மையைக் காப்பாற்றுவதால்தான் கெட்ட கிருமி வளர்வதில்லை. அதனால் உள்ளே சோப்போ, டெட்டாலோ, விளம்பரத்தில் வரும் கழுவு திரவமோ ஊற்றாதீர்கள். வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவினால் போதும்.

டாக்டரிடம் போக வேண்டிய வெள்ளைகள் இவை: தயிர்க் கட்டி போல வந்து கடுமையாக அரித்தால் பூஞ்சைத் தொற்று. சாம்பல் நிறத்தில் மீன் வாடை அடித்தால் பாக்டீரியாத் தொற்று. பச்சை கலந்த மஞ்சளாக நுரைத்து வந்தால் உறவு வழியே பரவும் தொற்றாக இருக்கலாம், அப்போது துணைவருக்கும் மருந்து வேண்டும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. கடைக்காரர் கொடுக்கும் ஒரே மாத்திரை எல்லாவற்றுக்கும் கேட்காது. மெலிவும் களைப்பும் சேர்ந்து இருந்தால் அதற்கு அடிக்கடி காரணம் ரத்தசோகை. பழி வெள்ளைப்படுதலின் மேல் விழுகிறது.

வலியும் அதிக ரத்தப்போக்கும் எவ்வளவு வரை தாங்கலாம்?

"எல்லாப் பொம்பளைக்கும் இருக்கிறதுதான்" என்ற பேச்சை இங்கே கேட்காதீர்கள். முதல் ஓரிரு நாள் அடிவயிறு பிடித்து இழுப்பது கருப்பைத் தசை சுருங்குவதால். அதைச் சுருங்க வைக்கும் ரசாயனத்தைக் குறைப்பவை இபுப்ரோஃபென், மெஃபனமிக் அமிலம் போன்ற மாத்திரைகள். ஆகவே வலி உச்சத்துக்குப் போகும்வரை காத்திருக்காமல், தொடங்கும்போதே, சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால்தான் நன்றாக வேலை செய்யும். வயிற்றுப்புண், சிறுநீரக நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் கேட்காமல் போடக்கூடாது. தோலில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்த வேண்டும். மாத்திரை போட்டும் கல்லூரிக்குப் போக முடியவில்லை, மாதத்துக்கு மாதம் வலி கூடுகிறது, மலம் கழிக்கும்போதோ உறவின்போதோ வலிக்கிறது என்றால், கருப்பையின் உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கலாம். பல பெண்களுக்கு அதைக் கண்டுபிடிக்கவே ஆண்டுக்கணக்காகிறது, காரணம் வலியை யாரும் பொருட்படுத்தாததுதான்.

ரத்தப்போக்குக்கு அளவு: ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேட் முழுதாக நனைவது, இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருப்பது, ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் விழுவது, 7 நாளைத் தாண்டுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஹீமோகுளோபின் பாருங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு போடலாம். டீ, காபி, பாலுக்கு ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள், அவை சத்து சேரவிடாது. மலம் கறுப்பாகப் போவது இயல்பு. வயதுக்கு வந்த முதல் மாதத்திலிருந்தே ரத்தம் கொட்டுகிற பெண்ணுக்கு ரத்தம் உறைவதில் பிறவிக் குறை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்கேனில் சினைப்பையில் நீர்க்கட்டி என்று வந்துவிட்டது. குழந்தை பிறக்காதா?

பிறக்கும். ஸ்கேனில் தெரிபவை முழுதாக வளராமல் நின்ற சிறு முட்டைப் பைகள். இளம்பெண்களின் சினைப்பையில் அவை இயல்பாகவே நிறைய இருக்கும் என்பதால், பூப்பெய்தி 8 ஆண்டுகள் ஆகாதவரை ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) என்று முடிவு செய்யக்கூடாது என்பது சர்வதேச வழிகாட்டுதல். மாதவிடாய் தள்ளிப்போவது, முகத்தில் அதிக முடி அல்லது ரத்தப் பரிசோதனையில் ஆண் ஹார்மோன் கூடுதல், இவற்றைச் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். தைராய்டும் சர்க்கரையும் பார்க்க வேண்டும். உடல் எடை கூடுதலாக இருந்தால் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகிறது. "கல்யாணமானால் சரியாகிவிடும்" என்பது வைத்தியம் இல்லை. பிசிஓஎஸ் இருப்பதால் கரு தங்காது என்று கருத்தடையை விட்டுவிடுவதும் ஆபத்து. முட்டை எப்போது வரும் என்று தெரியாதே தவிர, பலருக்கு வராமலே போவதில்லை.

கல்யாணத்துக்காக, கோயில் திருவிழாவுக்காக நாளைத் தள்ளிப்போடும் மாத்திரை சாப்பிடலாமா?

பொதுவாகக் கொடுக்கப்படுவது நோரெதிஸ்டிரோன் 5 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை. எதிர்பார்க்கும் தேதிக்கு 3 நாள் முன்பே தொடங்க வேண்டும். முந்தைய நாள் இரவு நினைவு வந்து போட்டால் வேலை செய்யாது. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் ரத்தம் வரும். எப்போதாவது ஒருமுறை, டாக்டர் சொல்லிப் போடலாம். காலில் ரத்தக்கட்டு வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் போடக்கூடாது. இப்படிச் சாப்பிடும்போது இது கருத்தடை மாத்திரை ஆகாது என்பதைப் புதுமணப்பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்களுக்குக் கல்யாணமாகி 4 வாரம்தான். ஸ்கேனில் 6 வாரக் கர்ப்பம் என்கிறார்கள். எப்படி?

இந்த ஒரு கணக்கு தெரியாமல் குடும்பங்கள் உடைந்திருக்கின்றன. கரு தங்கிய நாள் யாருக்கும் துல்லியமாகத் தெரியாது என்பதால், கர்ப்பத்தின் வாரங்களைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவதுதான் உலகம் முழுவதும் வழக்கம். அதாவது முதல் இரண்டு வாரங்கள் கரு இல்லாத வாரங்கள்.

உதாரணம்: கடைசி மாதவிடாய் மே 26. கல்யாணம் ஜூன் 8. முட்டை வந்து கரு உண்டானது ஜூன் 9-ஐ ஒட்டி. ஜூலை 7-இல் ஸ்கேன். கல்யாணத்திலிருந்து 29 நாள். மே 26-இலிருந்து 42 நாள், சரியாக 6 வாரம். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கணவருக்கும் மாமியாருக்கும் இதே கணக்கை டாக்டரையே காகிதத்தில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

நாள் தள்ளிப்போனால் மருந்துக் கடையில் கிடைக்கும் கர்ப்பச் சோதனை கார்டால் வீட்டிலேயே பார்ப்பது இப்படி: காலை முதல் சிறுநீரைச் சுத்தமான கிண்ணத்தில் பிடியுங்கள். கார்டோடு வரும் சொட்டுக் குழாயால் அட்டையில் சொன்ன அளவு, பொதுவாக 3 சொட்டு, விடுங்கள். 5 நிமிடத்தில் பாருங்கள். ஒரு கோடு என்றால் இல்லை. இரண்டு கோடு என்றால், ஒன்று மங்கலாக இருந்தாலும், கர்ப்பம். கோடே வரவில்லை என்றால் கார்டு கெட்டது. அரை மணி கழித்துத் தோன்றும் மங்கல் கோட்டை நம்பாதீர்கள். நாள் தள்ளும் முன்பே செய்தால் இல்லை என்று காட்டலாம். ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அரசு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரிடமும் கேட்டால் பார்த்துச் சொல்வார். கர்ப்பம் உறுதியானால் 12 வாரத்துக்குள் பதிந்து, அரசு கர்ப்பிணிகளுக்குத் தரும் பதிவு எண்ணான பிக்மி எண் வாங்கிவிடுங்கள்.

அவசர மாத்திரை என்றால் கருவைக் கலைப்பதா?

இல்லை, இரண்டும் வேறு. அவசரக் கருத்தடை மாத்திரையில் இருப்பது லெவோனார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம். ஆணுறை கிழிந்ததோ, பாதுகாப்பில்லாத உறவோ நடந்த 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அது முட்டை வெளிவருவதைத் தள்ளிவைக்கிறது. முட்டை ஏற்கெனவே வந்துவிட்டால் பயன் குறைவு. தங்கிவிட்ட கருவை அது ஒன்றும் செய்யாது. போட்ட 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி போட வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், சில வலிப்பு மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கு இதன் பலன் குறையும். அடுத்த நாள் உறவுக்கு இது பாதுகாப்பு தராது. அடுத்த மாதவிடாய் ஒரு வாரம் முன்பின் ஆகலாம்; அதற்குமேல் தள்ளினால் சோதனை செய்யுங்கள்.

சட்டப்படி இதற்கு டாக்டர் சீட்டு வேண்டாம். ஆனால் தமிழ்நாட்டில் பல மருந்துக் கடைகளில் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். நேரத்தைக் கடை கடையாக ஏறி வீணாக்காமல் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ பெண் மருத்துவரிடமோ போங்கள். 5 நாட்களுக்குள் காப்பர் டி (கருப்பைக்குள் வைக்கும் சிறு கருத்தடைச் சாதனம்) போட்டுக்கொள்வது மாத்திரையைவிட உறுதியானது.

முதல் குழந்தைக்கு முன் கருத்தடை செய்தால் பிறகு குழந்தையே வராதா?

வரும். ஆணுறையை நிறுத்திய அன்றே, மாத்திரையை நிறுத்திய அடுத்தடுத்த மாதங்களிலேயே, காப்பர் டி எடுத்ததுமே கரு தங்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியில் மட்டும், நிறுத்திய பிறகு பல மாதங்கள் தாமதமாகும். சீக்கிரம் குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு அது சரிப்படாது. அரசு நிலையங்களில் நிரோத் ஆணுறை, மாலா-என், சாயா மாத்திரைகள், அந்தரா ஊசி, காப்பர் டி எல்லாம் இலவசம். மாலா-என் அட்டையில் 21 ஹார்மோன் மாத்திரை, 7 இரும்புச்சத்து மாத்திரை. தினமும் ஒரே நேரம். ஒன்று விட்டுப்போனால் நினைவு வந்ததும் போடுங்கள், ஒரே நாளில் இரண்டானாலும் பரவாயில்லை. தொடர்ந்து இரண்டோ அதற்குமேலோ விட்டால், மாத்திரையைத் தொடர்வதோடு 7 நாள் ஆணுறையும் வேண்டும். சாயா முதல் 3 மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. கிழமையைக் குறித்துக்கொள்ளாதவர்கள்தான் தவறவிடுகிறார்கள். பப்பாளி, அன்னாசி, எள் எதுவும் கருத்தடை இல்லை.

வேண்டாத கர்ப்பம். கல்யாணம் ஆகவில்லை. டாக்டர் பார்ப்பாரா?

பார்க்க வேண்டும். 1971 கருக்கலைப்புச் சட்டமும் அதன் 2021 திருத்தமும் சொல்வது: 20 வாரம்வரை ஒரு டாக்டரின் கருத்து போதும், 20 முதல் 24 வாரம்வரை சட்டம் குறிப்பிடும் நிலைகளில் இருப்பவர்களுக்கு இரண்டு டாக்டர்கள். திருமணமாகாத பெண்களுக்கும் இதே உரிமை என்று 2022 செப்டம்பர் 29-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 18 வயது நிறைந்தவருக்கு அவருடைய கையெழுத்து மட்டும் போதும்; கணவர், பெற்றோர் ஒப்புதல் தேவையில்லை. பெயரை வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். 18-க்குக் கீழே என்றால் பாதுகாவலர் ஒப்புதல் வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி டாக்டர் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆனால் பெண் கேட்டுக்கொண்டால் அவள் பெயரைத் தர வேண்டியதில்லை என்று அதே தீர்ப்பு சொல்கிறது.

கடையில் வாங்கிய கருக்கலைப்பு மாத்திரையை ரகசியமாக விழுங்காதீர்கள். கரு கருப்பைக்குள் இல்லாமல் கருக்குழாயில் இருந்தால் அந்த மாத்திரை வேலை செய்யாது; குழாய் வெடித்தால் உயிருக்கு ஆபத்து. மாத்திரை முறை 9 வாரம்வரைதான், டாக்டர் மேற்பார்வையில்தான். மணிக்கு இரண்டு பேட் வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தாலும், ஒருபக்க வயிற்று வலியோடு மயக்கம் வந்தாலும், 108-ஐ அழையுங்கள்.

கல்யாணமாகி ஆறு மாதம். "விசேஷம் உண்டா" என்று கேட்டுக் கொல்கிறார்கள்.

எந்தக் குறையும் இல்லாத ஜோடிக்கே ஒரு மாதத்தில் கரு தங்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். ஓராண்டுக்குள் சுமார் 85 சதவீதம் பேருக்குத் தங்கிவிடும். உங்களுக்கு 35 வயதுக்குள் என்றால் ஓராண்டு முயன்ற பிறகு பரிசோதனை போதும். அப்போது முதலில் செய்ய வேண்டியது கணவரின் விந்துப் பரிசோதனை: மலிவானது, வலியில்லாதது. அதைச் செய்யாமல் மனைவிக்கு மட்டும் ஸ்கேனும் ஊசியும் தொடங்கும் இடத்தில் காரணம் கேளுங்கள். ஆணா பெண்ணா என்பதும் விந்தணுவில் வரும் எக்ஸ் அல்லது ஒய் குரோமோசோமைப் பொறுத்தது. முட்டையில் எப்போதும் எக்ஸ் மட்டுமே.

முயலத் தொடங்கும் முன்பே ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் தினமும் போடுங்கள். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளியது தெரிந்து டாக்டரிடம் போவதற்குள் அந்த வேளை பெரும்பாலும் முடிந்திருக்கும்.

டாக்டரிடம் எப்படிக் கேட்பது? கூச்சமாக இருக்கிறதே.

ஒரு தாளில் நான்கு வரி எழுதிக்கொண்டு போங்கள்: கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதி, வழக்கமான சுழற்சி நாட்கள், சாப்பிடும் மாத்திரைகள், உங்கள் கேள்வி. பேச வரவில்லை என்றால் தாளை நீட்டினால் போதும். "கல்யாணம் ஆச்சா?" என்று கேட்பவர் பெரும்பாலும் உறவு கொண்டிருக்கிறீர்களா என்று அறியத்தான் கேட்கிறார், உண்மையைச் சொன்னால்தான் சரியான பரிசோதனை நடக்கும். கூட வந்த அம்மா வெளியே இருக்கட்டும் என்று நீங்கள் கேட்கலாம். உள்பரிசோதனையோ யோனிவழி ஸ்கேனோ செய்யும் முன் உங்களிடம் கேட்க வேண்டும், வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. உறவே கொள்ளாதவருக்கு வயிற்றின் மேல் வைத்துச் செய்யும் ஸ்கேனே வழக்கம். அதற்குச் சிறுநீர்ப் பை நிறைந்திருக்க வேண்டும், ஒரு மணி நேரம் முன்பு நான்கைந்து தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கான எச்பிவி தடுப்பூசி பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள். 26 வயதுவரை போடலாம், உறவு தொடங்கும் முன் போட்டால் பலன் அதிகம். நேரில் போக வழியில்லாதவர்கள் அரசின் மருத்துவ உதவி எண் 104-க்கு அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம். வீட்டிலோ வெளியிலோ யாராவது கட்டாயப்படுத்துகிறார்கள் என்றால் அழைக்க வேண்டிய உதவி எண்: பெண்களுக்கு 181, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 1098.